தூது போகிறவள்தான் முதலில் வெளியே நிற்பாள்

தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு அம்மா கேட்கிறார்: "மகள் பத்தாம் வகுப்பு. ஆறாவதில் இருந்தே ஐந்து பேர் செட். போன மாதம் அதில் இரண்டு பேருக்குச் சண்டை. இரண்டு பக்கமும் பேசிச் சேர்த்து வைத்தது என் மகள்தான். இப்போது நான்கு பேரும் இவளை விட்டுவிட்டுத் தனியாக வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். ஷேர் ஆட்டோவில்கூட இவளுக்கு இடம் போடுவதில்லை. செட்டுக்குத் தலைவி மாதிரி இருக்கிற பெண் எங்கள் தெருதான். அவள் அம்மாவிடம் போய்க் கேட்டுவிடலாமா?"

வேண்டாம்மா. தண்ணீர் லாரி வரும் நேரத்தில், குடத்தோடு நிற்கும்போது நீங்கள் எடுக்கிற பேச்சு சாயங்காலத்துக்குள் இரண்டு குடும்பச் சண்டையாகிவிடும். பிள்ளைகள் காய் விட்டதை மறந்து பழம் விட்டுக்கொள்வார்கள். பெரியவர்கள் அடுத்த ஆடிக் கூழ் ஊற்றும்போதும் முகம் கொடுக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு "வீட்டில் போட்டுக் கொடுத்தவள்" என்ற பெயரும் மகளுக்கு வந்து சேரும்.

எந்த செட்டிலும் கெத்து காட்ட ஒருத்தி, அவளுக்கு ஜால்ரா தட்ட ஒருத்தி, எல்லாரும் ஓட்டுவதற்கென்றே ஒருத்தி இருப்பாள். உங்கள் மகளுக்குக் கிடைத்தது தூது போகிற வேலை. இருப்பதிலேயே ஆபத்தானது அதுதான். சண்டை நடக்கும்வரை இரண்டு பேருக்கும் அவள் வேண்டும். சமாதானம் ஆனதும் 'நான் திட்டியதை எல்லாம் இவள் அங்கே சொல்லியிருப்பாளோ' என்ற பயம் இரண்டு பேருக்குமே வரும். பழியைத் தூக்கி மூன்றாவது ஆள் மேல் போட்டுவிட்டால் அவர்கள் இருவரும் சுலபமாகச் சேர்ந்துவிடலாம். உங்கள் மகள் தப்பு செய்ததாக நினைக்க வேண்டாம். யார் அந்த வேலையைப் பார்த்திருந்தாலும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

"பொண்ணுங்க சண்டைதானே" என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஒதுக்கி வைப்பதும் புரளி கிளப்புவதும் அடிதடி போலவே காயப்படுத்தும் என்று நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1995-லேயே எழுதினார்கள். அடுத்த ஆண்டு பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியும் சக ஆய்வாளர்களும் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, வம்பு செய்கிறவர், கூடச் சேர்கிறவர், சிரித்து ஏற்றிவிடுகிறவர் தவிர, ஒதுங்கி நிற்கிறவர்களும் பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கிறவர்களும் இருந்தார்கள். நமக்கு வேண்டியது இந்தக் கடைசி இரண்டு வகைதான். நான்கு பேரும் ஒரே மனதோடு இருப்பது அபூர்வம்.

ராத்திரி துணி மடிக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்: "அந்த நாலு பேர்ல யாரு இன்னும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறா?" ஒரு பெயர் வரும். அந்தப் பெண்ணுக்கு மட்டும் மகள் தனியாக ஒரு மெசேஜ் போடட்டும். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், மேத்ஸ் நோட்டு கேட்டால் போதும். அப்புறம், மறுபடி யாராவது "அவ என்ன சொன்னா?" என்று வந்தால், "அவகிட்டயே கேளேன்" என்று சொல்லி முடித்துக்கொள்ளப் பழகட்டும். முதல் சில தடவை இதைச் சொல்வது கஷ்டம்தான்.

"இன்னைக்குப் பேசினாங்களா?" என்று நீங்கள் தினமும் விசாரிப்பதை நிறுத்துங்கள். பதில் இல்லாத நாளில் அது இன்னொரு அவமானம். அதற்குப் பதில், பள்ளிக்கு வெளியே அவளுக்கு ஒரு கூட்டம் இருக்கட்டும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா உங்கள் வடசென்னைப் பெண்தானே! பதக்கத்துக்காகச் சொல்லவில்லை. கேரம் போர்டு முன்னால் உட்கார்ந்தால் யாருக்கும் தூது போக வேண்டியதில்லை.

அவளைப் பற்றி படமோ ஸ்கிரீன்ஷாட்டோ சுற்றினால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், பள்ளிக்கே போக மாட்டேன் என்றால் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். சாக வேண்டும் என்கிற மாதிரிப் பேசினால் அன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள். மனநல ஆலோசனைக்கான இலவச எண் அது. குழந்தைகள் உதவி எண் 1098-ம் இருக்கிறது. ஆசிரியரைப் பார்க்கப் போவதாக இருந்தால் மகளிடம் சொல்லிவிட்டே போங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.