குறுவை, சம்பா, தாளடி: பத்திகளை வரிசைகளாக்க

உங்கள் எக்ஸெல் தாளில் குறுவை 2022, சம்பா 2022, தாளடி 2022 என்று நெல் பருவத்துக்கு ஒரு பத்தி (காலம்), ஊருக்கு ஒரு வரிசை. இதில் பைவட் (தொகுத்துக் காட்டும் அட்டவணை) சரியாக வரவில்லை என்கிறீர்கள். பருவமும் ஆண்டும் தலைப்பில் ஏறி உட்கார்ந்திருப்பதுதான் கோளாறு.

எக்ஸெல் 2016 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் டேட்டா தாவல் வழியாகப் பவர் குவெரி என்ற, தரவைச் சீராக்கும் கருவிக்குள் போங்கள். வலங்கைமான் என்று ஒன்றியப் பெயரைப் பல கட்டங்களை இணைத்து (மெர்ஜ்) வைத்திருக்கிறீர்களே, முதல் ஊரைத் தவிர மற்றதற்கெல்லாம் வெறுமைதான் வரும். அதனால் முதலில் 'ஃபில் டவுன்' கொடுத்து, மேலுள்ள பெயரைக் கீழே நிரப்புங்கள். அப்புறம் ஒன்றியம், ஊர் இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் 'அன்பிவட் அதர் காலம்ஸ்' கொடுங்கள்; மற்ற பத்திகள் வரிசைகளாகிவிடும். கடைசியாக 'குறுவை 2022' என்பதை இடைவெளியில் பிரித்தால் பருவம் வேறு, ஆண்டு வேறு.

ஒன்று மட்டும் கவனம். காலிக் கட்டங்களை அன்பிவட் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். தண்ணீர் வராமல் நடவே இல்லாத பருவத்துக்கு முன்பே 0 போட்டுவிடுங்கள். கணக்கு வராத ஊரைக் காலியாகவே விடுங்கள்.