600 வெள்ளிக்கு 50,000 ஸ்ட்ரீமா?

கேள்வி: அக்கா, நான் பிறையில ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் பாக்குறேன். லேப்டாப்ல நானே மியூசிக் போட்டு எலக்ட்ரோ பாப் ஸ்டைல்ல 6 தமிழ்ப் பாட்டு முடிச்சிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை ஸ்பாட்டிஃபைல ஆறையும் ஒண்ணா விட்டுடலாம்னு பாக்குறேன். இன்ஸ்டால ஒருத்தர் 600 வெள்ளி (ரிங்கிட்) குடுத்தா 50,000 ஸ்ட்ரீம் கேரண்டினு சொல்றார். குடுக்கலாமா?
– பினாங்கு வாசகர்

பதில்: குடுக்காத தம்பி. என் சின்னம்மா பையன் இதே மாதிரி ஒருத்தன்கிட்ட காச குடுத்தான், ரெண்டே நாள்ல நம்பர் ஏறுச்சு, வீட்ல எல்லார்கிட்டயும் காமிச்சான், அடுத்த மாசம் பாட்டையே காணோம். கேட்டது மனுசங்க இல்ல, பாட் (bot), அதாவது தானா ஓடுற புரோகிராம், இல்லாம வேற என்ன! இப்படி போலி ஸ்ட்ரீம் பெருசா மாட்டுச்சுனா ஸ்பாட்டிஃபை 2024ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட (உன் பாட்ட ஸ்பாட்டிஃபைல ஏத்தித் தர்ற கம்பெனி) அபராதமே வாங்குது, அவங்க அத உன் தலையில கட்டலாம்.

ஆறையும் ஒரே நாள்ல விடுறதும் வேணாம். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்ல (பாட்டு போடுறவங்களுக்கான ஸ்பாட்டிஃபை பக்கம்) அவங்க பிளேலிஸ்ட்டுக்குப் பாட்டு எடுக்கற எடிட்டர்களுக்கு ஒரு ரிலீஸ்ல ஒரே ஒரு பாட்டத்தான் அனுப்ப முடியும், மத்த அஞ்சும் சும்மா கூட வந்து நிக்கும். தனித்தனியா விட்டா ஆறு தடவ கதவத் தட்டலாம்ல? ஆனா ரிலீஸுக்குக் கொறஞ்சது 7 நாள் முன்னாடி அனுப்பணும், அப்பதான் உன்ன ஃபாலோ பண்றவங்க ரிலீஸ் ரேடார்லயும் (ஸ்பாட்டிஃபை குடுக்கற புதுப் பாட்டு லிஸ்ட்) அந்தப் பாட்டு வரும். அதனால வர்ற வெள்ளிக்கிழமைய மறந்துடு, டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட இப்பவே ஏத்திட்டு நாலு வாரம் தள்ளி தேதி போடு. தீபாவளி நெருக்கத்துல மட்டும் போடாத, நம்ம ஊர்ல அப்ப ரேடியோ பூரா தீபாவளிப் பாட்டுதான்.

காசப் பத்தியும் சொல்லிடுறேன். 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் வராத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்ட்டியே தராது, தாண்டினாலும் ரெண்டு தே தாரிக் குடிக்கலாம், அவ்ளோதான். பேண்ட்கேம்ப்ல (கேக்கறவங்க பாட்ட காசு குடுத்து வாங்குற சைட்) போட்டு விலை வச்சா அவங்க டிஜிட்டலுக்கு 15% எடுத்துக்குவாங்க, பேமெண்ட் கட்டணம் போக மிச்சம் உனக்கு. இருபது பேர் வாங்கினாக்கூட அது நெஜக் காசு.

நீ அனுப்புன பாட்டெல்லாம் கேட்டேன். மூணாவதுல ஷிஃப்ட் மாறுற சைரன வெட்டி பீட் ஆக்கிருக்க பாரு, சும்மா சொல்லல, அத கேட்டுட்டு மறுபடியும் போட்டேன். அதுதான் முதல்ல வரணும். முதல் பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த மாதிரி நெறைய கேட்டாச்சு.

ஒரு கொற இருக்கு. ஹெட்ஃபோன்ல பேஸ் (bass) அதிருது, என் ஃபோன்ல போட்டா கிக் டிரம்மே காணோம், உன் குரல் மட்டும் தனியா நிக்குது. சின்ன ஸ்பீக்கரால அவ்ளோ அடியில இருக்கற சத்தத்த குடுக்க முடியாதுப்பா. பேஸ்ல கொஞ்சம் சேச்சுரேஷன் (சத்தத்த லேசா கரகரப்பாக்குற எஃபெக்ட்) ஏத்து, அதோட மேல் சுரங்கள், அதான் ஹார்மோனிக்ஸ், வந்துச்சுனா காது மிச்சத்த தானே புரிஞ்சுக்கும். ஏத்துனத ஃபோன்ல ஒரு தடவ கேளு, அப்புறம் யார்கிட்டயாவது மைவி கார் இருந்தா அதுல ஜன்னல எறக்கி விட்டுட்டு ஒரு தடவ கேளு, பட்டர்வொர்த் டிராஃபிக்குள்ள வரிகள் புரிஞ்சா மிக்ஸ் ஓகே.

அந்த 600 வெள்ளில மாஸ்டரிங்குக்கு (ரிலீஸுக்கு முன்னாடி சவுண்ட கடைசியா சரி பண்ற வேல) ஒரு ஆளப் பாரு. மிச்சம் இருந்தா ஒரு நல்ல மைக்.