புக்கெட் யாருடைய தீவு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு நான்கு நாள் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போய் வந்தோம். கடற்கரை, படகு, மசாஜ் கடைகள், அவ்வளவுதான் பார்த்தோம். கடைசி நாள் பழைய நகரத்தில் நடந்தபோது ஒரு முருகன் கோயிலைப் பார்த்து அசந்துவிட்டேன். ஊருக்கு வந்து தேடினால், அந்தத் தீவையே சோழர்கள் ஆண்டார்கள் என்றும், அங்கே அலகு குத்தும் திருவிழாகூட நாம் கொடுத்ததுதான் என்றும் எழுதியிருக்கிறார்கள். அங்கே முதலில் போனது நம்மவர்கள்தானா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

இல்லை. நம்மவர்கள் போனார்கள், ஆனால் முதலில் போகவில்லை. தீவை ஆளவும் இல்லை. போனதற்கு ஒரு சான்று இருக்கிறது. ஆண்டோம் என்ற பேச்சைவிட எனக்கு அதுதான் பிடித்தமானது.

புக்கெட்டுக்கு வடக்கே, தீவைத் தாண்டி நிலப்பகுதியில், தக்குவா பா என்று ஒரு ஊர். அங்கே ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. நாங்கூர்க்காரர் ஒருவர் 'தொட்ட' குளம், அதன் பெயர் அவனிநாரணம், அது மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலம், அதாவது அவர்கள் காவலில், என்கிறது அந்தக் கல். தொடுவது என்றால் பழைய தமிழில் தோண்டுவது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். மணிக்கிராமத்தார் வணிகக் குழுவினர், சேனாமுகத்தார் படையினர் என்பார்கள். காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டியவர்கள் வேறு எதைத் தேடுவார்கள்? நல்ல தண்ணீர்தான். கடல் கடந்து போய் ஒரு குளம் வெட்டி, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வைத்தார்கள். எனக்கு அது பெரிய விஷயம். அந்த வட்டாரத்தில் கிடைத்த விஷ்ணு சிலை புக்கெட்டிலேயே தலாங் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நீங்கள் பார்க்காமல் வந்துவிட்டீர்கள்.

சோழர் விஷயம் இதுதான்: 1025 வாக்கில் ராஜேந்திரன் அனுப்பிய கடற்படை தாக்கிய ஊர்களின் பட்டியலில் 'தலைத்தக்கோலம்' வருகிறது. ஆய்வாளர்கள் பலர் அதை இந்தக் கரையோடு சேர்க்கிறார்கள். போனார்கள், அடித்தார்கள், திரும்பினார்கள். அதற்குப் பெயர் ஆட்சி இல்லை.

நீங்கள் பார்த்த முருகன் கோயில் பிற்காலத்தது, வெள்ளீயத்தின் கதையோடு சேர்ந்தது. நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இருக்கிறதே, அதே ஈயம். புக்கெட்டின் மண்ணுக்கடியில் அது குவிந்து கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைத் தோண்ட ஃபூஜியன் பகுதியிலிருந்து ஹொக்கியன் சீனர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், பலர் பினாங்கு வழியாக. உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கினார்கள். அவர்கள் வழி வந்தவர்களைத்தான் பாபா என்கிறார்கள். நீங்கள் நடந்த அந்தத் தெருக்களில் முன்பக்கம் குறுகி உள்ளே நீண்டு போகும் வீடுகளெல்லாம் ஈயக்காசில் எழுந்தவை. சுரங்கம் இருந்தால் கடன் வேண்டும். செட்டியார்கள் போனார்கள், கூடவே தண்டாயுதபாணியும் போனார்.

அலகு குத்தும் விழாவை நாம் கொடுக்கவில்லை. 1825-ல் கத்து என்ற சுரங்க ஊருக்கு நாடகம் போட வந்த சீனக் குழுவினர் காய்ச்சலில் விழுந்தார்கள். விரதம் இருந்து ஒன்பது பேரரசத் தெய்வங்களைக் கும்பிட்டதும் குணமானது, விழா அப்படித்தான் தொடங்கியது என்று அங்கே சொல்கிறார்கள். சாமி வந்தவர் அலகு குத்திக்கொள்வது ஃபூஜியனிலேயே உள்ள வழக்கம். நம் வழக்கம் போலவே இன்னொருவருக்கும் இருக்கலாம், அதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம், விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் ரவுண்டானாவில் வாளோடு இரண்டு பெண்கள் சிலையாக நிற்பார்களே, அவர்கள் சான், மூக் என்ற அக்கா தங்கை. 1785-ல் பர்மியப் படை தலாங்கை முற்றுகையிட்டபோது ஊரைத் திரட்டிக் காத்தவர்கள்.

நம்முடையது என்று நீங்கள் உரிமையோடு தின்னக்கூடிய ஒன்று அந்த ஊரில் உண்டு: 'ஆப்போங்'. கரி அடுப்பில் கைப்பிடி அளவு சின்னச் சட்டி, தேங்காய்ப்பால் விட்ட மாவு. ஒரு சுழற்றுச் சுழற்றி மூடுகிறார்கள். ஓரம் முறுகியதும் உரித்து, சூட்டோடு சுருட்டிக் கையில் கொடுக்கிறார்கள். ஆப்பம்தான். மலாய்க்காரர்கள் வாய் வழியாகப் போய்ப் பெயர் கொஞ்சம் மாறியிருக்கிறது. நான் சாப்பிட்ட கடையில் அடுப்பருகே இருந்த அம்மாவிடம் எங்கள் ஊரிலும் இது உண்டு என்று சைகையில் சொன்னேன். சிரித்துக்கொண்டே இன்னொன்று நீட்டினார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் வந்தது யார் என்று கேட்டீர்கள். தீவின் தென்முனையில் ராவாய் என்ற இடத்தில் உராக் லவோய் மக்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயருக்கே கடல் மக்கள் என்றுதான் பொருள். ஆண்டுக்கு இருமுறை சின்னப் படகு செய்து, அதில் மரப்பொம்மைகளோடு தங்கள் முடியையும் நகத்தையும் வைத்துக் கடலில் விடுவார்கள், கெட்டது அதோடு போகட்டும் என்று. பட்டா, பத்திரம் என்ற பேச்சு அவர்களிடம் இருந்ததில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த நிலத்துக்குக் காகிதம் வேறு ஆட்கள் கையில் இருந்தது, வெளியேறச் சொல்லி வழக்கு வந்தது. 2016-ல் அவர்கள் கடலுக்கும் சாமி கும்பிடும் இடத்துக்கும் போகும் பாதையை, நிலத்துக்கு உரிமை கோரியவர்கள் பாறாங்கல் போட்டு அடைக்கப் பார்த்ததில் கைகலப்பாகிப் பலருக்குக் காயம். அங்கே குடியிருந்தவர்கள் தாங்கள்தான் என்று நிரூபிக்க என்ன காட்டினார்கள் தெரியுமா? தோண்டி எடுத்த மூதாதையர் எலும்புகளை. 1959-ல் மன்னர் பூமிபோல் அந்தக் குடியிருப்புக்கு வந்தபோது எடுத்த படங்களை. 2017-ல் ஒரு வழக்கில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

நாம் முதலில் வந்தோமா என்பது நமக்கு ஊர் திரும்பிய பிறகு எழும் ஆசைக் கேள்வி. அவர்களுக்கு அது கூரை. அதனால்தான் அந்தத் தீவில் நம் பங்கை அதிகமாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை போனால் அரை நாள் ஒதுக்கி ராவாய்க்குப் போங்கள். கடலோரமாக அவர்களே மீன் விற்கிறார்கள். வாங்கிக் கொடுத்தால் எதிரே உள்ள கடைகளில் சமைத்துத் தருவார்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.

அன்புடன்.