நான்கரை லட்சம் பம்புக்கு மட்டும்தான்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஆறு வருடமாக டைப் 1 சர்க்கரை, தினமும் நான்கு ஊசி. டாக்டர், நாள் முழுவதும் சிறிது சிறிதாக மருந்தைச் செலுத்தும் இன்சுலின் பம்ப் போடலாம் என்கிறார். புதியது நான்கரை லட்சம் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், இரண்டு வருடம் பயன்படுத்திய பம்பைத் தொண்ணூறாயிரத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
- ஓர் அம்மா, திருநெல்வேலி

பதில்: பழையது வேண்டாம். ஓட்டிப் பார்த்து வாங்க இது பைக் இல்லை. ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்தைத் தள்ள வேண்டிய மோட்டார் உள்ளே இருக்கிறது. அது சரியாகத் தள்ளுகிறதா என்று வெளியே இருந்து தெரியாது. நான்கு வருட வாரன்ட்டி என்றால் பாதி போய்விட்டது. மீதியை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவதாக நிறுவனம் எழுத்தில் கொடுக்காவிட்டால், பம்ப் நின்றுபோன அன்று யாரிடம் போவீர்கள்?

சரி, புதியது. நான்கரை லட்சம் என்பது பம்புக்கு மட்டும். விற்பவர் அந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார். பம்பிலிருந்து மருந்தைக் கொண்டுபோகும் குழாயோடு உடம்பில் ஒட்டும் இன்ஃப்யூஷன் செட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூன்று நாள் என்று வைத்தாலும் வருடத்துக்கு 120க்கு மேல். மருந்து நிரப்பும் ரிசர்வாயரும் கிட்டத்தட்ட அவ்வளவே. உடம்பில் ஒட்டிச் சர்க்கரை அளவைக் காட்டும் ஏழு நாள் சென்சாரோடு ஓடும் பம்ப் என்றால் சென்சார் மட்டும் வருடத்துக்கு 52. வீணாவதையும் சேருங்கள். சித்திரை வெயிலில் வியர்த்து ஒட்டு விட்டுப்போகும், உடை மாற்றும்போது சுடிதார் நாடாவில் குழாய் மாட்டும். எங்கள் வீட்டில் பத்துக்கு ஒன்று இப்படித்தான் போகிறது.

ஒவ்வொன்றின் விலையையும் எழுதி வாங்கி, நான்கு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். மாதச் செலவு தாங்காது என்று தெரிந்தால், பம்பை வாங்கி அலமாரியில் வைப்பதைவிட, பேனா ஊசியோடு சென்சார் மட்டும் போடுவது மேல். டாக்டரிடம் அதையும் கேளுங்கள். ‘இன்சூரன்ஸில் வாங்கிக்கலாம்’ என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். வீட்டில் பயன்படுத்தும் கருவிகளுக்குப் பல பாலிசிகளில் பணம் கிடையாது.

அப்புறம், செட் எங்கிருந்து வரும், எத்தனை நாளில் வரும்? ஒரு தீபாவளிக்கு நாங்கள் பத்து நாள் முன்னால் ஆர்டர் கொடுத்தும், பெட்டி பண்டிகை முடிந்துதான் வந்தது. மூன்று நாள் பிள்ளை பேனாவுக்குத் திரும்பினான். அன்றிலிருந்து ஒரு மாத ஸ்டாக் கையில் இல்லாமல் இருப்பதில்லை. பணம் கட்டும் முன் ஒரு வாரம் போட்டுப் பார்க்கத் தருவார்களா என்றும் கேளுங்கள். பள்ளிச் சீருடையில் அதை எங்கே செருகுவது என்பதை உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மருந்துக் கடையில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பி மலிவாகக் கிடைக்கிறது. பம்பில் அதை ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. பம்ப் ஒரு மில்லியில் 100 யூனிட் இருப்பதாக நினைத்துக் கணக்குப் போடுகிறது. 40 குப்பியை ஊற்றினால், திரையில் 10 யூனிட் காட்டும்போது உடம்புக்குப் போவது 4. தவிர, பம்புக்கு லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேகமாக வேலை செய்யும் மருந்துதான் வேண்டும். அவசரத்துக்கு வைக்கும் சிரிஞ்சிலும் கவனம். சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், ஏறுவது 25 யூனிட். தாழ்சர்க்கரையில் மயங்கி விழ அது போதும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்தை உடனே நிரப்பாதீர்கள், குழாயில் காற்றுக் குமிழி வரும்.

கேள்வி: வாங்கி 14 மாதத்தில் பம்ப் நின்றுவிட்டது. ‘தண்ணீர் புகுந்திருக்கிறது, வாரன்ட்டி கிடையாது’ என்கிறார்கள். குளிக்கும்போது கழற்றித்தான் வைப்பேன். என்ன செய்வது?

பதில்: முதலில் உடம்பு. பம்பில் இருப்பது வேகமான மருந்து மட்டும்தான். நின்ற சில மணி நேரத்திலேயே சர்க்கரை ஏறும், ரத்தத்தில் கீட்டோன் என்ற ஆபத்தான அமிலம் சேரும். டாக்டரைக் கேட்டு இன்றே ஊசிக்கு மாறிவிடுங்கள், நீண்ட நேர இன்சுலினும் சாப்பாட்டுக்கு வேகமான மருந்தும். மாற்றுப் பம்ப் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி சண்டை. தண்ணீர் புகுந்தது என்பதற்குப் பரிசோதனை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள். பம்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, சீரியல் எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் மும்பையில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பம்ப் இல்லாத நாட்களில் வாங்கிய பேனா, ஊசி, டாக்டர் கட்டணம் எல்லாவற்றின் பில்லையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள், இழப்பீட்டில் அதையும் கேட்கலாம்.