987654321 பகா எண்ணா? வகுத்துப் பார்க்காமலே சொல்ல முடியுமா?

முடியும். பகா எண் இல்லை. நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரு முறை வந்தால் கூட்டுத்தொகை 45. அது 9ஆல் வகுபடும், ஆகவே எண்ணும் வகுபடும். இந்த ஒன்பது இலக்கங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் மொத்தம் 3,62,880 எண்கள் வரும். அதில் ஒன்றுகூடப் பகா எண் கிடையாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, அப்பா. வேலூரில் ஒரு வெல்ல மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். 47 மூட்டை, மூட்டை 386 ரூபாய், ஆக 18,142 என்று பேரேட்டில் எழுதியதும் ஓரத்தில் பென்சிலால் 2, 8, 7 என்று குறிப்பார். இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால் 47க்கு 2, 386க்கு 8, பெருக்கினால் 16, அதாவது 7. விடையின் இலக்கங்களை அப்படியே கூட்டினாலும் 7 வர வேண்டும். 18,412 என்று மாற்றி எழுதினாலும் 7தானே வரும் என்று யாராவது மடக்குவீர்கள். உண்மைதான். அதற்காகத்தான் அவர் 11ஆல் வகுத்து வரும் மீதியையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பார். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறியிருந்தால் அதில் மாட்டிக்கொள்ளும்.

சரி, உங்கள் எண்ணுக்கு வருவோம். 9ஐத் தவிர வேறு எதனால் வகுபடும்? மூன்று மூன்றாகப் பிரித்து 987 − 654 + 321 போடுங்கள். 654 வரும். 7 × 11 × 13 = 1001 என்பதால் இந்த ஒரு 654ஐ வைத்தே மூன்றுக்கும் பதில் சொல்லிவிடலாம். மூன்றிலும் மீதி வருகிறது, எதனாலும் வகுபடாது. அடுத்தது 17. இதற்குக் குறுக்குவழி தேடாமல் வகுத்துவிடுவதே மேல். இரண்டு முறை போகும். கடைசியில் 3² × 17² × 379721. அந்த 379721 பகா எண், அதற்கு மேல் உடையாது. கையால் உறுதி செய்ய 616 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும், நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எண் ஜோதிடத்தில் இலக்கங்களை ஒற்றை இலக்கமாகும் வரை கூட்டிச் சொல்லும் கூட்டு எண் என்பது 9ஆல் வகுத்தால் வரும் மீதி (மீதி இல்லாவிட்டால் 9), அவ்வளவுதான். மாப்பிள்ளையின் பெயர் எண் 8 என்று ஒருவர் சொன்னதை நம்பி, என் அக்காவுக்கு வந்த நல்ல வரனை எங்கள் பெரியப்பா தட்டிக்கழித்தார். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. ஜோதிடம் பார்ப்பவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம், நான் எண்ணைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

அப்புறம், 987654321இலிருந்து 123456789ஐக் கழித்துப் பாருங்கள். 864197532. அதிலும் ஒன்பது இலக்கமும் ஒவ்வொரு முறை. அப்பாவிடம் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலை வாங்கி அவரே இன்னொரு முறை கழித்துப் பார்த்தார்.