மெனுவில் என்ன பெயர் போடுவது? கேள்வி பதில்

கொழும்பில் தமிழிலும் பிற மொழிகளிலும் இணையத்தளம் நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அநேகமாக எல்லாரும் தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் பாவிப்பதால் பதில்களும் அதை ஒட்டியே இருக்கின்றன.

வெள்ளவத்தை, புடைவைக் கடை: பக்கத்தின் தலைப்பை மாற்றினேன். மெனுவில் பழைய பெயரே நிற்கிறது. போன மாதம் இன்னொரு பக்கத்துக்கு இதையே செய்தபோது மெனுவும் தானாக மாறியது. ஏன் இப்படி?

தலைப்பு, மெனு லேபல் (மெனுவில் தெரியும் பெயர்), பக்கத்தின் இணைய முகவரி மூன்றும் வேறு வேறு. ஆரம்பத்தில் மூன்றும் ஒரே சொல்லாக இருப்பதால் ஒன்று போலத் தோன்றும்.

பழைய வகைத் தீமில் (தீம் என்பது தளத்தின் தோற்ற அமைப்பு) அப்பியரன்ஸ், மெனுஸ் என்று போய் ஒரு பக்கத்தைச் சேர்த்ததும், ‘நெவிகேஷன் லேபல்’ பெட்டியில் பக்கத் தலைப்பே வந்து உட்காரும். அதை நீங்கள் தொடாதவரை வேர்ட்பிரஸ் லேபலைத் தனியாகச் சேமிப்பதில்லை. அதனால் தலைப்பு மாறும்போது மெனுவும் மாறும். பெட்டியில் வேறு சொல்லைப் போட்டுச் சேமித்துவிட்டால் அது தனி லேபல். பிறகு தலைப்பை எத்தனை தரம் மாற்றினாலும் மெனு அசையாது. போன மாதம் மாற்றிய பக்கத்தின் லேபல் தொடாதது, இப்போது மாற்றியதன் லேபல் தொட்டது. மறுபடி தலைப்போடு சேர்த்துக் கட்ட வேண்டுமானால், லேபலைத் தலைப்பில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதிச் சேமியுங்கள்.

எல்லாவற்றையும் பிளொக் எனும் துண்டுகளாக அடுக்கும் புது வகை பிளொக் தீமில் கதை வேறு. நெவிகேஷன் பிளொக்குக்குள் இடும் இணைப்பின் லேபல் அந்த பிளொக்கிலேயே பதிவாகிறது, தலைப்பைப் பின்தொடராது. ‘பேஜ் லிஸ்ட்’ பிளொக் மட்டும் எப்போதும் தலைப்பையே காட்டும்.

என்னைக் கேட்டால் இரண்டையும் பிரித்தே வையுங்கள். தலைப்பு ‘தீபாவளிப் புடைவைகள்: காஞ்சிபுரம், பனாரஸ், பருத்தி’ என்று நீளலாம். மெனுவுக்கு ‘புடைவைகள்’ போதும்.

கொட்டாஞ்சேனை, ரியூட்டரி: ‘அனுமதி’ என்று போட்டிருக்கிறோம். உள்ளே போகாமல் தொலைபேசியில் கேட்கிறார்கள். என்ன சொல் போடலாம்?

‘அனுமதி’க்கு இங்கே இரண்டு பொருள்: பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும் அனுமதி, பெர்மிஷனும் அனுமதி. மெனுவில் தனியாக நிற்கும் ஒற்றைச் சொல்லுக்குப் பக்கத்தில் பொருளைத் தெளிவாக்க வேறு சொல் கிடையாது. ‘வகுப்பில் சேர’ என்று போடுங்கள். பெற்றோர் தேடுவது உங்கள் அலுவலகப் பிரிவின் பெயரை அல்ல, தாங்கள் செய்ய வந்த காரியத்தை. அதேபோல ‘சேவைகள்’ என்பதை எடுத்துவிட்டு ‘வகுப்புகள்’, ‘நேர அட்டவணை’, ‘கட்டணம்’ என்று பிரியுங்கள். தொலைபேசியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி எதுவோ அதுதான் லேபல்.

இன்னொரு சங்கடம், இந்தியத் தமிழில் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்துப் போடுவது. அங்கே ஒப்பந்தப்புள்ளி என்றால் இங்கே விலைமனுக் கோரல். அங்கே காலிப் பணியிடங்கள், இங்கே வெற்றிடங்கள். நம் அலுவலகங்களில் புழங்கும் சுற்றுநிருபம் அங்கே சுற்றறிக்கை. இயந்திர மொழிபெயர்ப்பு இதைவிட மோசம்: முகப்பைக் குறிக்கும் ‘ஹோம்’ என்பது ‘வீடு’ ஆகிவிடும். பக்கத்து வரிகள் இல்லாத ஒற்றைச் சொல்லை அதால் சரியாகப் பிடிக்க முடியாது. மெனுவை மட்டுமாவது ஆள் வைத்து எழுதுங்கள்.

சரி பார்க்க எளிய வழி உண்டு. லேபல்களை மட்டும் ஒரு தாளில் எழுதி ஐந்து பெற்றோரிடம் நீட்டி, ‘பத்தாம் ஆண்டு கணிதத்துக்குக் கட்டணம் எவ்வளவு என்று பார்க்க எதைத் தொடுவீர்கள்?’ என்று கேளுங்கள். இருவர் தயங்கினாலே அந்தச் சொல்லை மாற்ற வேண்டும்.

பம்பலப்பிட்டி, பழைய மாணவர் சங்கம்: ஆங்கிலத்தில் ஒரே வரியில் நிற்கும் மெனு தமிழில் இரண்டாம் வரிக்கு இறங்குகிறது. எழுத்தைச் சிறிதாக்கலாமா?

வேண்டாம். தமிழ் எழுத்து அகலமானது, மேலும் கீழும் கொக்கிகள் உள்ளது. சிறிதாக்கினால் முதலில் மங்குவது புள்ளியும் விசிறியும்தான். முதலில் சொல்லைக் குறையுங்கள்: ‘எங்கள் சங்கத்தைப் பற்றி’ என்பது ‘சங்கம்’ ஆகலாம். ‘எம்மைத் தொடர்புகொள்ள’ என்பது ‘தொடர்புக்கு’ ஆகலாம். அடுத்து, மெனு மூன்று கோட்டு பட்டனாகச் சுருங்கும் திரை அகலத்தைத் தமிழுக்கு மட்டும் கூட்டுங்கள். ஆங்கிலத்தில் 768 பிக்சலில் சுருங்கினால் தமிழில் 1024 வைத்துப் பாருங்கள்.

‘மு’வின் அடியும் ‘வீ’யின் தலையும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் காரணம் வரி உயரம். தீமில் 1.2 என்றிருக்கும். தோற்ற விதிகளை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் தமிழ் மொழிக்குறியுள்ள பக்கங்களுக்கு மட்டும் 1.6 கொடுங்கள். எழுத்திடைவெளி ஏதும் போட்டிருந்தால் பூச்சியமாக்குங்கள்.

எத்தனை எழுத்துக்கு மேல் வெட்டிப் புள்ளி வைக்கலாம் என்று தீமில் ஒரு வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது கணினி எண்ணும் எழுத்தை எண்ணி வெட்டுகிறது. ‘கூட்டம்’ என்ற சொல் கடைசிப் புள்ளியை இழந்து ‘கூட்டம’ என்று நிற்கலாம்.

அதே சங்கம்: பக்கத்தின் முகவரியை வட்ஸ்அப்பில் ஒட்டினால் அரைப் பக்கத்துக்கு வீதக்குறிகள் (%) வருகின்றன. ஆண்டுப் பொதுக்கூட்டப் பக்கத்தின் முகவரி பாதியிலேயே நிற்கிறது.

கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறிமுறையான யுனிகோடில் ‘செ’ ஒரு குறி அல்ல, ‘ச’ ஒன்று, கொம்பு ஒன்று, ஆக இரண்டு. ‘செய்திகள்’ என்பதில் இப்படி 9 குறிகள். ஒவ்வொரு குறியும் 3 பைட், முகவரியில் ஒவ்வொரு பைட்டும் வீதக்குறியோடு 3 எழுத்து. ஆக 9 பெருக்கல் 9, அந்த ஒரு சொல்லே 81 எழுத்து.

வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு (முகவரியில் அந்தப் பக்கத்தைக் குறிக்கும் பகுதி) ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. அதாவது ஏறத்தாழ 22 தமிழ்க் குறிகள். ‘பழைய மாணவர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டம்’ என்று தலைப்பு வைத்தால் ‘ஆண்டுப்’ வரை இடம் போதும். ‘பொதுக்கூட்டம்’ விழுந்துவிடும். அடுத்த ஆண்டு அதே சொற்களில் தொடங்கும் பக்கமும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, வாலில் 2 என்று ஒட்டிக்கொள்ளும்.

முகவரித் துண்டை மட்டும் குறுகிய ஆங்கில எழுத்தில் கொடுங்கள். லேபலும் தலைப்பும் தமிழிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே வெளியிட்ட பக்கமென்றால் கவனம்: பதிவுகளின் (போஸ்ட்) பழைய முகவரியை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும், பக்கங்களுக்கு (பேஜ்) அப்படிச் செய்யாது. திருப்பிவிடும் பிளகின் (கூடுதல் வசதி சேர்க்கும் செருகு நிரல்) ஒன்றில் பழையதையும் புதியதையும் எழுதி வையுங்கள். மெனுவில் அந்தப் பக்கத்தைப் ‘பேஜ்’ ஆகச் சேர்த்திருந்தால் முகவரி தானாகத் திருந்தும். ‘கஸ்டம் லிங்க்’ ஆக ஒட்டியிருந்தால் கையால் திருத்த வேண்டும்.

தெகிவளை, பல் மருத்துவ நிலையம்: மொழி மாற்றும் இணைப்புகளுக்குக் கொடி போடலாமா?

போடாதீர்கள். மொழிக்குக் கொடி கிடையாது. தளத்தைப் பல மொழியில் நடத்த உதவும் பொலிலேங் பிளகினில் தமிழை இந்தியத் தமிழாகத் தெரிவுசெய்தால் இந்தியக் கொடி வரும். இலங்கைத் தமிழாகத் தெரிவுசெய்தால் சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஒரே கொடி. இலங்கைத் தமிழையே தெரிவுசெய்து, மெனுவில் மொழிமாற்றியைத் திறந்து கொடி காட்டும் தெரிவின் சரிக்குறியை எடுத்துவிட்டுப் பெயர் காட்டும் தெரிவுக்குச் சரிக்குறி இடுங்கள். ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த எழுத்திலேயே இருக்க வேண்டும். ஆங்கிலப் பக்கத்திலும் ‘தமிழ்’ என்பது தமிழில்தான். அது தேவைப்படுகிறவருக்கு அதுதானே வாசிக்கத் தெரியும்.

மூன்று மொழிக்கும் மூன்று மெனு செய்து தனித்தனி இடத்தில் பொருத்த வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். தமிழ்ப் பக்கத்தில் ஆங்கில மெனு வருகிறதென்றால் பெரும்பாலும் இந்த இடப்பொருத்தம்தான் விட்டுப்போயிருக்கும்.

கொழும்பு 13: ‘சிகிச்சைகள்’ என்பதைத் தொட்டால் கீழே பட்டியல் விரிய வேண்டும், பக்கம் எதுவும் திறக்கக்கூடாது. இணைப்பை வெறுமையாக விடலாமா?

வெறுமையாக விட்டால் விசைப்பலகையில் டாப் விசையால் போகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார், முகவரி இல்லாத இணைப்பில் குறி நிற்காது. நெவிகேஷன் பிளொக்கில் ‘ஓப்பன் ஒன் கிளிக்’ என்ற தெரிவை இட்டால் அது பட்டனாக மாறும். பழைய தீம் என்றால் உள்ளே உள்ள சிகிச்சைகளைச் சுருக்கமாகக் காட்டும் ஒரு பக்கத்தையே கட்டிவிடுங்கள்.

மருதானை: இணைப்பின் மேல் சுட்டியை வைத்தால் தெரியும் ‘டைட்டில் எட்ரிபியூட்’ பெட்டியில் விளக்கம் எழுதவா?

வேண்டாம். கைத்தொலைபேசியில் அது தெரியாது, விசைப்பலகையால் போகிறவருக்கும் தெரியாது. விளக்கம் வேண்டியிருக்கிறதென்றால் லேபல் சரியில்லை.

பார்வையற்ற வாசகர் ஒருவர்: சில தளங்களில் என் திரைவாசிப்பான் ‘மெனு 1 நெவிகேஷன்’ என்கிறது. யாருடைய தவறு?

தளம் செய்தவருடையது. பிளொக் தீமில் மெனுவுக்கு இடும் பெயர் உள்வேலைக்கு மட்டும் என்று நினைத்து எதையாவது எழுதி வைக்கிறார்கள். அதுவே வாசிப்பானுக்கு உரத்துப் போகிறது. மேலே உள்ளதற்கு ‘முதன்மை’, அடியில் உள்ளதற்கு ‘அடிப்பகுதி’ என்று பெயரிட்டால் போதும். ‘மெனு’ என்று சேர்க்கத் தேவையில்லை, அது நெவிகேஷன் என்பதை வாசிப்பானே சொல்லும்.

புறக்கோட்டை, அச்சகம்: பழைய தளத்தின் லேபல்களைப் புதியதில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருகின்றன.

அவை யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்தவை. அடியில் இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துருதான் தமிழ் உருவம் காட்டியது. தேடுபொறிக்கும் அது தமிழாகத் தெரியாது. எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றில் போட்டு யுனிகோடாக்கி, பின் ஒவ்வொன்றாக வாசியுங்கள். குறிப்பாக ‘ா’ வர வேண்டிய இடத்தில் ‘ர’ நிற்கிறதா என்று பாருங்கள், கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பத்துப் பன்னிரண்டு லேபல்தானே என்றால் புதிதாகத் தட்டச்சு செய்வதே விரைவு.