ஐந்தாறு வருடத்தில் விற்கக்கூடிய வீடு: இப்போது எதைச் சேர்த்துக் கட்டினால் நமக்கும் வசதி, விலையும் கிடைக்கும்?

நீங்கள் கொடுத்த விவரம் இது: தாம்பரம் பக்கம் 1,200 சதுர அடி மனை, 2012-ல் கட்டிய தரைத்தள வீடு, இரண்டு படுக்கையறை, ஒரே பாத்ரூம். வயதான அப்பா அம்மா உடன் இருக்கிறார்கள். கையில் 12 லட்சம். ஐந்தாறு வருடத்தில் விற்றாலும் விற்கலாம். மேலே மாடி கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இந்தப் பக்கம் வீடு கட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். விற்கப்போகும் வீட்டில் வேலை செய்யச் சொல்லிக் கூப்பிடுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இதை வாங்கப்போவது யார்?" என்பதைத்தான். தி.நகர், மாம்பலம் மாதிரி இடங்களில் பழைய தனி வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டத்தான் வாங்குகிறார். அங்கே மனைக்குத்தான் விலை. நீங்கள் புதிதாகப் போட்ட டைல்ஸை அவர் பார்க்கக்கூட மாட்டார். உங்கள் கதை வேறு. உங்கள் இடத்தில் 1,200 சதுர அடி மனையோடு பத்துப் பதினைந்து வருட வீட்டை வாங்க வருவது குடியேறப் போகிற குடும்பம். அதனால் நீங்கள் சேர்ப்பதற்கு மதிப்பு உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு.

அந்தக் குடும்பம் அநேகமாக வங்கிக் கடனில்தான் வாங்கும். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் ஒரு கையில் டேப்பும் இன்னொரு கையில் அப்ரூவ்டு பிளானுமாக வந்து நிற்பார். பிளானில் இல்லாத அறையை அவர் கணக்கில் சேர்க்கத் தயங்குவார். பக்கவாட்டில் விட வேண்டிய காலி இடத்தில் கூரை போட்டு அறையாக்கியிருந்தால் கடனே இழுபடும். அப்புறம் வாங்குபவர் அதையே காரணமாக வைத்து விலையைக் குறைப்பார். எதைக் கட்டினாலும் அனுமதியோடு கட்டுங்கள், கட்டி முடித்ததும் சொத்து வரியிலும் ஏற்றிவிடுங்கள். இதைச் செய்ய முடியாத இடத்தில் பணத்தைப் போடாதீர்கள்.

சரி, எதைக் கட்டுவது? உங்கள் வீட்டுக்கு என் முதல் ஓட்டு இரண்டாவது பாத்ரூமுக்கு, அதுவும் அப்பா அம்மா அறையோடு சேர்ந்ததாக. ராத்திரி எழுந்து ஹாலைத் தாண்டிப் போக வேண்டியிருப்பது எழுபது வயதில் பெரிய சிரமம். இரண்டு படுக்கையறைக்கு ஒரே பாத்ரூம் என்றால் வீடு பார்க்க வருபவர்கள் வாசலிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். உங்களுக்கும் தேவை, விலைக்கும் உதவி என்று இரண்டும் இவ்வளவு அழகாகப் பொருந்துகிற வேலை வேறு எதுவும் இல்லை.

இதில் கொஞ்சம் நுணுக்கமாக இருங்கள். நம் ஊரில் பாத்ரூம் கதவை வழக்கமாக இரண்டரை அடிக்குத்தான் வைக்கிறார்கள். நிலையின் கனம், கதவின் கனம் எல்லாம் போக உள்ளே நுழைய இரண்டு அடி சொச்சம்தான் மிஞ்சும். சக்கர நாற்காலி அதில் நுழையாது, கைத்தாங்கலாகக் கூட்டிப்போகவும் முடியாது. மூன்று அடி வையுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர்களே அடைத்துக் கிடப்பார்கள், நம்மால் தள்ளித் திறக்க முடியாது. கைப்பிடிக் கம்பி எங்கே வரும் என்பதை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்து, அந்த இடத்தில் சுவர் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். நாலரை அங்குலச் சுவரில் பிறகு துளை போட்டு மாட்டிய கம்பி, ஆள் எடையைத் தாங்காமல் கையோடு வந்துவிடும். பாத்ரூம் வாசலில் படி வேண்டாம். குளிக்கும் பகுதியை மட்டும் சரிவாக்கி, கால் வைக்கும் இடம் முழுக்கச் சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள். இதை எல்லாம் முதியவர்களுக்கான ஏற்பாடு என்று தனியாக யாரும் நினைக்க மாட்டார்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதே பாத்ரூம்தான் வசதி.

அடுத்து, நீங்கள் கேட்ட மாடி. இப்போதைய கூலி, சாமான் விலைக்கு 12 லட்சத்தில் சுமார் 450 சதுர அடி வரும், அதாவது ஒரு ஹால், ஒரு படுக்கையறை, கிச்சன், பாத்ரூம் உள்ள சின்னப் போர்ஷன். வாடகை வரும் போர்ஷன் உள்ள வீட்டுக்கு உங்கள் பக்கம் நல்ல கிராக்கி இருக்கிறது. ஆனால் கீழே இருக்கும் கட்டடம் அதைத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. 2012-ல் மாடியையும் நினைத்துத் தூண் எழுப்பியிருந்தால் மொட்டை மாடியில் கம்பி நீட்டி விட்டிருப்பார்கள். போய்ப் பாருங்கள். 12 எம்எம் கம்பியோடு புதுக் கம்பியை இணைத்துக் கட்ட, இரண்டும் ஏறக்குறைய இரண்டு அடி நீளத்துக்கு ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். பல வீடுகளில் ஒரு அடிதான் வெளியே இருக்கும். அதுவும் இத்தனை வருட மழையில் நனைந்து, கையால் தட்டினால் செதில் செதிலாக உதிரும். அப்படியென்றால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை, வேறு வழிகள் உண்டு. அதை ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் நேரில் வந்து, அஸ்திவாரத்தையும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸை மிச்சம் பிடிக்காதீர்கள். தூணே இல்லாமல் சுவர் மேல் நிற்கும் வீடாக இருந்தால் இன்னும் கவனம் தேவை.

மாடி கட்டுவதாக முடிவானால் படிக்கட்டை வெளியே வையுங்கள். குடித்தனக்காரர் உங்கள் ஹால் வழியாகப் போய்வர வேண்டியிருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி இருக்காது. மாடிக்குத் தனி மீட்டரும் வாங்கிவிடுங்கள். கரண்ட் பில் சண்டைதான் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் உறவை முதலில் கெடுப்பது. அப்புறம் வாஸ்து. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வாங்க வருபவர்களில் பலர் பார்ப்பார்கள். ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், படிக்கட்டோ செப்டிக் டேங்க்கோ வந்துவிட்டால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். வேறு இடம் இருக்கும்போது அந்த மூலையைத் தவிர்ப்பதால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

மாடி வேண்டாம் என்று முடிவானால், மொட்டை மாடிச் சூட்டைக் கவனியுங்கள். தனித் தரைத்தள வீட்டில் மே மாதம் ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனல் காற்றைத்தான் தள்ளும். பகல் முழுக்கக் கான்கிரீட் வாங்கி வைத்த வெயில் அது. பழைய தளத்தில் சுருக்கி (மழைநீர் இறங்காமல் கான்கிரீட்டுக்கு மேல் போடும் பூச்சு) பெயர்ந்திருந்தால் முதலில் அதைச் சரி செய்து, மழைநீர் வடிகுழாயை நோக்கி ஓடும்படி சரிவு எடுத்து, மேலே வெள்ளை நிற வெப்பத்தடுப்பு டைல்ஸ் பதியுங்கள். வெள்ளைப் பெயின்ட் செலவு குறைவு, ஆனால் சில வருடத்தில் அழுக்கேறிப் பலன் குறைந்து, மறுபடி அடிக்க வேண்டிவரும். மாடி கட்டப்போவதாக இருந்தால் இந்தச் செலவு மொத்தமும் வீண். அதனால் மாடியைப் பற்றி முதலில் முடிவெடுங்கள்.

சோலாரும் அப்படித்தான். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது, நிழல் விழாத சுமார் 300 சதுர அடி இடம் போதும். ஏசி ஓடும் வீட்டுக்கு நல்ல முதலீடு. ஆனால் இன்று மாட்டிவிட்டு இரண்டு வருடத்தில் கழற்றி மாடி கட்டுவது பணத்தைக் கரைக்கும் வேலை.

தண்ணீர் விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்கள் பக்கத்தில் விலையைத் தீர்மானிக்கிறது. 2015 வெள்ளத்தில் அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியதிலிருந்து, வீடு பார்க்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே "இங்கே தண்ணி வந்துச்சா?" என்பதுதான். ரோடு போடப் போட வாசலும் தாழ்ந்துகொண்டே போகிறது. சின்னச் செலவில் செய்யக்கூடியவை இருக்கின்றன: சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) வாயை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுங்கள், மோட்டார் ஸ்விட்சையும் கீழ் பிளக் பாயிண்ட்டுகளையும் மேலே ஏற்றுங்கள், கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு போடுங்கள். மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003-லிருந்தே கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் இருக்கும், தூர் வாரி வையுங்கள்.

கிச்சனுக்குப் பின்னால் சின்ன யூட்டிலிட்டி ஒன்றைப் பிளானோடு சேர்க்க இடம் இருந்தால் சேருங்கள். வாஷிங் மெஷின் வைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் தனி இடம் இருந்தால் கிச்சனே பெரிதான மாதிரி இருக்கும். வீட்டை முடிவு செய்வதில் பெண்கள் சொல்வதுதான் பெரும்பாலும் கடைசி வார்த்தை, அவர்கள் நேராக வந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

ஃபால்ஸ் சீலிங், சுவர் முழுக்க வால்பேப்பர், நாலைந்து லட்சத்தில் மாடுலர் கிச்சன்: உங்களுக்குப் பிடித்திருந்தால் உங்கள் சந்தோஷத்துக்காகச் செய்யுங்கள், விலையில் திரும்பி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அடுத்தவருக்கு அடுத்த ரசனை. மட்டமான பலகையில் செய்த கிச்சன் தண்ணீர் பட்டு உப்பி நின்றால், வீட்டையே பழசாகக் காட்டும்.

எந்த வேலையாக இருந்தாலும், புதுச் சுவரைப் பழைய சுவரோடு பல் வைத்து, அதாவது செங்கல்லைக் கோத்துக் கட்டி, பூசி மறைக்க விடாதீர்கள். புது அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், இறங்கும்போது சந்திப்பில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விழும். வாங்க வருபவர் அந்த விரிசலைப் பார்த்து வீடே ஆட்டம் கண்டுவிட்டதாக நினைப்பார். இடைவெளி விட்டு முறையாக அடைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக பில். புதிதாகக் கட்டிய செலவை, வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரி (விற்ற லாபத்துக்கான வரி) கணக்கில் மேம்பாட்டுச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். பெயின்ட், சில்லறை ரிப்பேர் அதில் வராது. கான்ட்ராக்டருக்கு வங்கி வழியாகப் பணம் கொடுங்கள், சிமென்ட், கம்பி, டைல்ஸ் ரசீதுகளைப் பிளானோடு ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். பூச்சு வேலைக்கு முன் குழாயும் வயரும் போகும் வழியை ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து அதே ஃபைலில் சேர்த்துவிட்டால், ஆணி அடிக்கும்போது உங்களுக்கும் உதவும், வீட்டை வாங்குகிறவருக்கும் உதவும்.